சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை: கடலோரப் பயணத்தைத் திட்டமிடும் முறை

சோழமண்டலக் கரையைச் சென்னையில் தொடங்கித் தனுஷ்கோடி வரை ஒரே பயணமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் வழக்கமாக முதலில் செய்வது, பார்க்க வேண்டிய இடங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுவதுதான். அந்த வேலையை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்தெந்த ஊரில் இரவு தங்குவது என்பது. இந்தக் கரையில் ஊருக்கும் ஊருக்கும் இடையே தொலைவு அதிகமில்லை. ஆனால் கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும். படகுத் துறைகள் மாலையில் மூடிவிடும். கடல் கிழக்கே இருப்பதால் அதன் அழகு முழுவதும் விடியற்காலைக்கே உரியது. ஆகவே, காலையில் எந்த ஊரில் கண் விழிக்கிறோம் என்பதே அன்று எதைப் பார்க்க முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் முறை என் தாயாரை அழைத்துக்கொண்டு புதுச்சேரியிலிருந்து காலை பத்து மணிக்குப் புறப்பட்டேன். சிதம்பரம் சேர்ந்தபோது நடராசர் கோயிலில் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தியிருந்தது. மாலை வரை காத்திருந்து தரிசனம் செய்துவிட்டு வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பதினைந்து கிலோமீட்டரில் இருந்த பிச்சாவரத்தைப் பார்க்காமலேயே மறுநாள் கிளம்ப வேண்டியதாயிற்று. முந்தைய இரவைச் சிதம்பரத்தில் கழித்திருந்தால், காலையில் கோயிலையும் பிற்பகலில் பிச்சாவரத்தையும் அவசரமில்லாமல் பார்த்திருக்கலாம்.

பருவத்தைத் தேர்ந்தெடுத்தல்

சனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை இந்தக் கரைக்கு மிகவும் ஏற்ற காலம். வெயில் தாங்கக்கூடியதாக இருக்கும். மழை ஓய்ந்த நிலம் பச்சையாக இருக்கும். கோடியக்கரைக்கு வலசை வந்த பறவைகளும் இன்னும் திரும்பியிருக்கமாட்டா. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். வங்கக் கடலில் புயல்கள் உருவாவதும் அப்போதுதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பகுதியைப் புரட்டிப்போட்டது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை வெள்ளத்தில் மூழ்கடித்தது. 2011இல் தானே புயல் கடலூரைத் தாக்கியது டிசம்பர் 30 அன்று. எனவே ஆண்டு இறுதி விடுமுறையில் வருகிறவர்கள், பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் மட்டுமே அறைகளைப் பதிவு செய்ய வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடலோர ஊர்களில் நல்ல மீன் சாப்பிட வேண்டும் என்ற எண்ணத்தோடு வருகிறவர்களுக்கு அந்த 61 நாள்களும் ஏமாற்றம் தரக்கூடும். வெயிலும் அப்போது உச்சத்தில் இருக்கும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா நடப்பதால், அதற்கு முந்தைய நாள்களிலிருந்தே காவி உடுத்திய பக்தர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையோரமாகக் கூட்டம் கூட்டமாக நடந்து செல்வார்கள். திருவிழாவைக் காணவே வருகிறவர்களைத் தவிர மற்றவர்கள் அந்த நாள்களைத் தவிர்ப்பது நல்லது. தவிர்க்க முடியாவிட்டால், இரவில் வண்டி ஓட்டாதீர்கள். தை அமாவாசை, ஆடி அமாவாசை நாள்களில் இராமேசுவரத்தில் நீராட வருகிறவர்களின் கூட்டம் மிகுந்திருக்கும் என்பதால், நாள்காட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள்.

தொலைவும் நாள்களும்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 55 கி.மீ.; அங்கிருந்து புதுச்சேரி 95; புதுச்சேரியிலிருந்து சிதம்பரம் 65; சிதம்பரத்திலிருந்து சீர்காழி வழியாகத் தரங்கம்பாடி 55; அங்கிருந்து காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் கடந்து வேளாங்கண்ணி 50க்குள்; வேளாங்கண்ணியிலிருந்து வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை சுமார் 50. இதுவரை எல்லாம் சிறு துண்டுகள். அதன்பின் இராமேசுவரம் வரை ஏறத்தாழ 235 கி.மீ. ஒரே நீளமான துண்டாக வரும். மொத்தம் 600 கி.மீ.க்கு ஒட்டியே அமைகிறது. நெடுஞ்சாலையில் போகும் வேகத்தை மனத்தில் வைத்துக் கணக்கிடாதீர்கள். ஊர்களுக்குள் புகுந்து செல்லும் சாலை, கால்நடைகள், வேகத்தடைகள், சாலை விரிவாக்க வேலைகள் எல்லாவற்றையும் சேர்த்து மணிக்கு 40 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் கணக்கு பொய்க்காது.

முழுக் கரைக்கும் எட்டு இரவுகள் தேவை: மாமல்லபுரத்தில் ஒன்று, புதுச்சேரியில் இரண்டு, சிதம்பரத்தில் ஒன்று, தரங்கம்பாடியில் ஒன்று, வேளாங்கண்ணி அல்லது வேதாரண்யத்தில் ஒன்று, இராமேசுவரத்தில் இரண்டு. ஐந்து நாள்கள்தான் விடுப்பு என்றால் எட்டு நாள் பயணத்தை ஐந்துக்குள் அடக்க முயலாமல், தரங்கம்பாடியோடு நிறுத்திக்கொண்டு மயிலாடுதுறையில் ரயிலேறித் திரும்புங்கள். பாதிக் கரையை நிதானமாகப் பார்த்தவர்களுக்கு மீதியைப் பார்க்க இன்னொரு முறை வரத் தோன்றும். முழுக் கரையையும் வண்டிச் சன்னல் வழியாகவே பார்த்தவர்கள் பெரும்பாலும் மறுபடி வருவதில்லை.

பேருந்தா, வாடகைக் காரா?

புதியவர்கள் அதிகப் பணம் இழப்பது இதில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வெளியூர்ப் பயணத்துக்கு வாடகைக் கார் எடுத்தால், பெரும்பாலான வண்டிக்காரர்கள் ஒரு நாளைக்கு 250 அல்லது 300 கி.மீ. என்று குறைந்தபட்சக் கணக்கு வைத்திருப்பார்கள். நீங்கள் 60 கி.மீ. ஓடினாலும் அந்தக் குறைந்தபட்சத்துக்கான பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அதோடு ஓட்டுநர் பேட்டா, சுங்கக் கட்டணம், வண்டி காலியாகத் திரும்பிச் செல்லும் தொலைவு ஆகியவையும் சேரும். நமது பயணத்தின் வட பாதியில் ஒரு நாளும் நூறு கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. எனவே சென்னையிலிருந்து சிதம்பரம் வரை அரசுப் பேருந்தில் சென்று, ஊருக்குள் ஆட்டோவையோ வாடகை இருசக்கர வண்டியையோ பயன்படுத்திக்கொள்வதும், சிதம்பரத்தில் ஒரு காரை அமர்த்தி இராமேசுவரம் வரை வைத்துக்கொள்வதும் சிக்கனமான வழி. முதியவர்களோ கைக்குழந்தைகளோ உடன் இருந்தால் மட்டும் தொடக்கத்திலிருந்தே கார் வைத்துக்கொள்ளலாம். அப்போதும் கிலோமீட்டர் கணக்கை விடுத்து நாள் வாடகை பேச முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

புதுச்சேரியும் காரைக்காலும் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டு எல்லையை இந்தப் பாதை இருமுறை விட்டு வெளியேறி மீண்டும் நுழைகிறது. வாடகைக் காருக்கு அங்கே கட்ட வேண்டிய நுழைவு வரி யார் பொறுப்பு என்பதைப் புறப்படும் முன்பே பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எல்லைச் சாவடிகளில் மதுப்புட்டிகளுக்காகச் சோதனை நடக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பேருந்தில் செல்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குத் திண்டிவனம் வழியாகவும் கடற்கரைச் சாலை வழியாகவும் இரு தடங்களில் பேருந்துகள் செல்கின்றன. மாமல்லபுரத்தில் இறங்க வேண்டியவர்கள் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியா என்று கேட்டுவிட்டே ஏற வேண்டும். அந்தத் தடத்துப் பேருந்துகளைத் திருவான்மியூரிலும் பிடிக்கலாம். அவற்றுள் பல மாமல்லபுரம் ஊருக்குள் வராமல் புறவழிச் சாலையிலேயே நிறுத்திவிடுவதால், அங்கிருந்து ஊருக்குள் ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும்.

முன்பதிவு செய்யும் வரிசை

முதலில் இராமேசுவரத்திலிருந்து திரும்பும் ரயிலைப் பதிவு செய்யுங்கள். பயண நாளுக்கு 60 நாள்கள் முன்பு பதிவு தொடங்குகிறது. சென்னை நோக்கிய இரவு ரயில்களில் இடம் விரைவில் நிரம்பிவிடும். திரும்பும் நாள் உறுதியான பிறகு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி ஒவ்வோர் இரவையும் நிரப்புங்கள். அப்படி நிரப்பும்போது, புதுச்சேரியில் தங்கும் இரவுகள் வெள்ளி, சனிக் கிழமைகளில் விழாமல் பார்த்துக்கொண்டால் அறை வாடகையில் கணிசமாக மிச்சமாகும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்களால் வார இறுதியில் அந்த ஊர் நிரம்பி வழியும்.

அடுத்துத் தரங்கம்பாடி. அங்கே தங்குமிடங்கள் மிகக் குறைவு என்பதால் அதைப் புதுச்சேரிக்கும் முன்பே பதிவு செய்ய வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் மயிலாடுதுறையிலோ காரைக்காலிலோ தங்கலாம். சிதம்பரத்திலும் வேளாங்கண்ணியிலும் சாதாரண நாள்களில் இரண்டு நாள் முன்னதாகக் கேட்டாலும் அறை கிடைக்கும். புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் மாத்ரிமந்திர் என்ற தியான மண்டபத்தின் உள்ளே சென்று அமர விரும்புகிறவர்கள் அதற்கெனத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். வெளியே உள்ள மேட்டிலிருந்து பார்ப்பதற்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை.

ஊர் ஊராக

மாமல்லபுரத்துக்குச் செல்லும் வழியில் முட்டுக்காட்டில் தட்சிணசித்திரா அருங்காட்சியகமும் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையும் உள்ளன. முன்னதற்குச் செவ்வாய்க்கிழமையும் பின்னதற்குத் திங்கட்கிழமையும் விடுமுறை. குழந்தைகளோடு வருகிறவர்கள் புறப்படும் நாளை இதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். மாமல்லபுரத்தில் பிற்பகலில் ஐந்து இரதங்களையும், ஏறத்தாழ 27 மீட்டர் நீளமுள்ள அருச்சுனன் தபசுப் பாறையையும் பார்த்துவிட்டு, கடற்கரைக் கோயிலை மறுநாள் காலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மப் பல்லவன் எழுப்பிய அந்தக் கோயிலின் மேல் முதல் வெயில் விழும்போது அங்கே நிற்பதற்காகவே இந்த ஊரில் ஓர் இரவு தங்கச் சொல்கிறேன். பத்து மணிக்குப் பிறகு பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும்.

புதுச்சேரிக்குப் போகும் வழியில் கடப்பாக்கத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட கோட்டை அது. கழிமுகத்தின் ஓரத்தில் செங்கற்சுவர்கள் உடைந்து நிற்பதைப் பார்க்கச் சொந்த வண்டியில் செல்கிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பேருந்துப் பயணிகளுக்கு அது எளிதன்று.

புதுச்சேரியைப் பற்றி எல்லாரும் அறிந்திருப்பதால் அதிகம் சொல்லவில்லை. கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து காலை வரை வண்டிகள் அனுமதிக்கப்படுவதில்லை. நடப்பதற்கு அதுவே உகந்த நேரம். மஞ்சள் சுவர் பூசிய பிரெஞ்சுத் தெருக்களைப் பார்த்தவர்கள், பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே உள்ள தமிழர் பகுதியின் திண்ணை வீடுகளையும் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். நகருக்குத் தெற்கே அரிக்கமேட்டில், 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து உரோமானிய வணிகத்தின் சான்றுகளை வெளிக்கொணர்ந்த இடம் உள்ளது. கண்ணுக்குத் தெரிவது குறைவு. பழைய துறைமுகங்களில் ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் செல்லலாம்.

நான்காம் நாள் இரவுக்குள் சிதம்பரம் சேர்ந்துவிடுங்கள். மறுநாள் முழுவதும் உங்களுக்குக் கிடைக்கும். விடியற்காலையில் கோயில், அதன்பின் கத்தரிக்காய்க் கொத்சுவோடு காலை உணவு, பிறகு பிச்சாவரம். அங்கே விசைப்படகு அகன்ற நீர்வழிகளில் மட்டுமே செல்லும். அலையாத்திக் காட்டின் குறுகிய கால்வாய்களுக்குள், வேர்கள் தலைக்கு மேல் வளைந்திறங்கும் இடங்களுக்குத் துடுப்புப் படகில்தான் போக முடியும் என்பதால், நேரம் கூடுதலானாலும் துடுப்புப் படகையே கேட்டு வாங்குங்கள். சுரபுன்னையும் கண்டலும் அடர்ந்த அந்தக் காட்டில் தில்லை மரமும் வளர்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான மரம் இன்று ஊருக்குள் இல்லை. அதை இங்கே வந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. படகோட்டியிடம் கேட்டால் காட்டுவார். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் கிளையை ஒடிக்காதீர்கள். கோயிலையும் காட்டையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்வதற்கு இந்த மரமே எனக்குப் பெரிய காரணம்.

தரங்கம்பாடிக்கு முன் காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரில் சிறிது நேரம் நிற்கலாம். தரங்கம்பாடியில் ஓர் இரவாவது தங்கியே ஆக வேண்டும் என்று வற்புறுத்துவேன், ஏனெனில் பகலில் வந்து கோட்டை முன் படமெடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த ஊரின் அமைதி கிட்டுவதில்லை. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனியர்கள் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றார்கள். 1706இல் இங்கே வந்திறங்கிய செருமானியச் சமயப் பரப்புநர் சீகன்பால்கு, அச்சுக்கூடம் நிறுவிப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1718இல் அவர் காலத்தில் கட்டப்பட்ட புதிய எருசலேம் தேவாலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. நகர வாயிலிலிருந்து கோட்டை வரை அரை மணி நேர நடையில் இவை எல்லாம் அடங்கிவிடும். கரையோரத்தில் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோயிருப்பதையும் காணலாம்.

இங்கிருந்து தெற்கே செல்லும்போது, 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகத்திலேயே மிக அதிக உயிர்களைப் பறித்த கரையில் பயணம் செய்கிறீர்கள். மீனவர் குடியிருப்புகளுக்குள் படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். அன்றைய நாளைப் பற்றி அவர்களாகப் பேசினால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நாகூர் தர்காவும் வேளாங்கண்ணிப் பேராலயமும் நாகப்பட்டினத்துக்கு இருபுறமும் ஒரே பிற்பகலில் பார்க்கும் தொலைவில் உள்ளன. நாகூரின் ஐந்து மினராக்களில் உயரமானது 131 அடி. இரண்டு இடங்களுக்கும் எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள். தலையையும் தோளையும் மூட ஒரு துண்டு அல்லது துப்பட்டா போதும்.

வேதாரண்யத்துக்கு அருகே அகத்தியம்பள்ளியில் 1930 உப்புச் சத்தியாகிரகத்தின் நினைவிடம் இருக்கிறது. இராசாசி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பெடுத்த இடம். அதைச் சுற்றி இன்றும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்பளங்கள். அங்கிருந்து கோடியக்கரைக் காட்டுக்கு 11 கி.மீ.; வண்டிக்கு எண்ணெய் நிரப்புவதையும் பணம் எடுப்பதையும் வேதாரண்யத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். வெளிமான்களைப் பார்க்க விடியற்காலையோ மாலையோ செல்ல வேண்டும். நண்பகலில் அவை நிழலில் ஒதுங்கிவிடும். பூநாரைகள் சதுப்பு நிலத்தில் தொலைவில் நிற்பதால் இருகண்ணோக்கி (பைனாகுலர்) இல்லாமல் போவது வீண். வடக்கிலிருந்து நேராக இறங்கிவந்த கரை மேற்கே திரும்பும் முனை இது. இங்கிருந்து கடலின் குணமே மாறுகிறது. பேரலை அடங்கி, பாக் நீரிணையின் ஆழமற்ற நீர் ஏரி போலக் கிடக்கிறது.

அடுத்த நாள்தான் நீண்ட நாள். காலை எட்டு மணிக்குள் கிளம்பி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வழியாக மல்லிப்பட்டினத்துக்கு அருகே உள்ள மனோராவில் நண்பகலில் நில்லுங்கள். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம் அது. பிறகு மீமிசல், தொண்டி, தேவிபட்டினம், இராமநாதபுரம். வழியில் பெரிய உணவகங்கள் குறைவு. தண்ணீரும் மதிய உணவும் கையில் இருக்கட்டும். பாம்பன் பாலத்தை வெளிச்சம் இருக்கும்போதே கடக்க முயலுங்கள். 1988இல் திறந்த சாலைப் பாலத்திலிருந்து, 1914இல் கட்டிய பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய ரயில் பாலம் தெரியும்.

இராமேசுவரத்துக்கு இரண்டு இரவுகள் ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. கோயிலின் 22 தீர்த்தங்களில் நீராடுவதும், உடை மாற்றிக்கொண்டு தரிசனம் செய்வதும் அரை நாள் வேலை; ஈரத் துணியோடு சன்னதிக்குள் செல்ல முடியாது என்பதால் மாற்றுடை கையில் வேண்டும். தனுஷ்கோடியை இன்னொரு நாள் விடியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்களையும் ரயில் நிலையச் சிதைவுகளையும் கடந்து, 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை செல்கிறது. ஒருபுறம் அமைதியாகக் கிடப்பதைப் பெண்கடல் என்றும் மறுபுறம் கொந்தளிப்பதை ஆண்கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். இரண்டும் சேரும் முனையில் நீரோட்டம் மிகக் கடுமையானது. முழங்காலளவு நீரில்கூட இறங்காதீர்கள், குழந்தைகளின் கையை விடாதீர்கள். அங்கே தங்குமிடம் கிடையாது. மாலையில் காவலர்கள் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

புறப்படும் நாளில் அறையை நண்பகலில் காலி செய்ய வேண்டியிருக்கும். ரயிலோ மாலையிலோ இரவிலோதான். மூட்டைகளை விடுதியிலேயே வைத்துவிட்டு, பேய்க்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடத்தை அந்த இடைவெளியில் பார்த்துவிட்டு வந்து, இரவு உணவைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு நிலையத்துக்குச் செல்லுங்கள்.